காகிதத் துண்டில் கிறுக்கிய நீள எஸ்

பள்ளியில் வகையிடல், அதாவது ஒரு அளவு எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று காணும் கணக்கு, ஆரம்பித்த புதிதில் ஒரு தேர்வில் இரண்டு சார்புகளின் பெருக்கலை வகையிடச் சொல்லியிருந்தார்கள். நான் முதல் சார்பைத் தனியாக வகையிட்டேன், இரண்டாவதைத் தனியாக வகையிட்டேன், வந்த இரண்டையும் பெருக்கி, விடைக்குக் கீழே ஸ்கேல் வைத்து இரட்டைக் கோடும் போட்டுவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விட்டேன். தாள் திரும்பி வந்தபோது அந்தப் பக்கம் முழுக்கக் குறுக்கே ஒரே சிவப்புக் கோடு. மதிப்பெண் போனதைவிட, "இதில் என்ன தப்பு?" என்று எனக்கே புரியாமல் போனதுதான் அப்போது கஷ்டமாக இருந்தது.

பல வருடம் கழித்து, 1675ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் தேதியிட்ட ஒரு கையெழுத்துத் தாளின் மொழிபெயர்ப்பைப் படித்துக்கொண்டிருந்தேன். எழுதியவர் லைப்னிட்ஸ். எக்ஸ், ஒய் இரண்டையும் பெருக்கி அதன் வேறுபாட்டை எடுப்பதும், தனித்தனியே வேறுபாடு எடுத்துப் பெருக்குவதும் ஒன்றுதானா என்று தன்னையே கேட்டுக்கொள்கிறார். ஒரு உதாரணம் போட்டுப் பார்க்கிறார். ஒன்றுதான் என்று முடிவுக்கும் வருகிறார்!

நான் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டேன். நுண்கணிதத்தைக் கண்டுபிடித்த இருவரில் ஒருவர், கண்டுபிடித்துக்கொண்டிருக்கும்போதே, என் சிவப்புக் கோட்டுத் தப்பைச் செய்திருக்கிறார்.

அன்றிலிருந்து எனக்கு இந்தப் பழைய தாள்கள் மேல் ஒரு பைத்தியம். பாடப் புத்தகத்தில் தொகை நுண்கணிதம் (சின்னச் சின்னத் துண்டுகளைக் கூட்டிப் பரப்புக் காணும் கணக்கு) குளித்து, தலைவாரி, பவுடர் பூசி வந்து நிற்கும்: வரையறை, தேற்றம், நிரூபணம், பயிற்சிக் கணக்கு. ஆனால் அதன் இளமைக்காலம் கிட்டத்தட்ட முழுக்கப் புத்தகத்துக்கு வெளியேதான் கழிந்திருக்கிறது. கடிதங்களில், துண்டுச் சீட்டுகளில், யாரோ யாருக்கோ நகலெடுத்துக் கொடுத்த குறிப்புகளில். அது அங்கே வளர்ந்ததற்கான அடையாளம் இன்னும் அதன் முகத்திலேயே இருக்கிறது என்பதுதான் என் கட்சி. ∫ என்ற குறியைப் பாருங்கள், அது ஒருவருடைய கையெழுத்து. அதற்குப் பிறகு வருகிறேன்.

கடிதம் என்று ஆரம்பித்தால் ஆர்க்கிமிடீஸிடமிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். அலெக்சாண்டிரியாவில் இருந்த எரட்டோஸ்தனீஸ் என்ற அறிஞருக்கு அவர் எழுதிய ஒரு கடிதத்தில், பரவளையத் துண்டின் பரப்பை எப்படிக் கண்டுபிடித்தேன் என்று ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறார்: உருவத்தை மெல்லிய கோடுகளாகச் சீவி, ஒரு கற்பனைத் தராசில் தொங்கவிட்டு, எதற்கு எது சமநிலை என்று பார்த்திருக்கிறார். இது நிரூபணம் ஆகாது, ஆனால் விடை முன்கூட்டியே தெரிந்தால் நிரூபணம் தேடுவது சுலபம் என்று அவரே சொல்லியும் விடுகிறார். அச்சில் வந்த அவருடைய மற்ற நூல்களில் கோடுகளாகச் சீவும் இந்த வித்தை வெளியே தெரியாது. அதனால்தான் 17ஆம் நூற்றாண்டில் ஜான் வாலிஸ் என்ற ஆங்கிலக் கணிதர், இந்த மனிதர் தான் வந்த தடத்தை வேண்டுமென்றே அழித்துவிட்டுப் போயிருக்கிறார் என்கிற மாதிரி குறைபட்டுக்கொண்டார். பாவம் ஆர்க்கிமிடீஸ், அவர் எழுதித்தான் வைத்திருந்தார். அந்தக் கடிதத்தின் பிரதியைச் சுரண்டி, மேலே பிரார்த்தனைப் புத்தகம் எழுதிவிட்டார்கள். 1906இல் ஹைபெர்க் என்ற டேனிஷ் அறிஞர் கான்ஸ்டான்டிநோபிளில் அந்தத் தோல் ஏட்டைப் பார்த்து, அடியில் மங்கலாகத் தெரிந்த கிரேக்க எழுத்துகளைப் படித்தபோதுதான் உலகத்துக்குத் தெரிய வந்தது. அதற்குள் நுண்கணிதம் பிறந்து இருநூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

சரி, 17ஆம் நூற்றாண்டுக்கு வருவோம். அப்போது கணித இதழ்கள் கிடையாது. பாரிஸில் மெர்சென் என்று ஒரு துறவி இருந்தார், அவர்தான் அந்தக் காலத்துத் தபால் நிலையம். ஒருவர் அவருக்கு எழுதினால் அது ஊரெல்லாம் போகும். துலூஸ் நகரத்தில் நீதித்துறை வேலை பார்த்துக்கொண்டு பொழுதுபோக்காகக் கணக்குப் போட்ட ஃபெர்மா இந்த வழியில்தான் எல்லோருக்கும் அறிமுகமானார். 1636இல் அவருக்கும் ரோபெர்வாலுக்கும் நடந்த கடிதப் போக்குவரத்தில் வளைவரைகளுக்குக் கீழே உள்ள பரப்புகள் பற்றிய பேச்சு வருகிறது. எக்ஸின் வர்க்கம், கனம் என்று போகும் வளைவரைகளின் பரப்பு தனக்குத் தெரியும் என்று ஒருவர் சொல்ல, எனக்கும் தெரியும், வழியும் தெரியும் என்று மற்றவர் சொல்ல, அப்படியே போகும். இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால் விடையைச் சொல்வார்கள், வழியைப் பாதிதான் சொல்வார்கள்.

ரோபெர்வால் விஷயத்தில் அதற்கு ஒரு வயிற்றுப்பாட்டுக் காரணமும் உண்டு. அவர் வகித்த பேராசிரியர் பதவிக்கு மூன்று வருடத்துக்கு ஒருமுறை போட்டி நடக்கும், கேள்விகளைத் தயாரிப்பது ஏற்கெனவே பதவியில் இருப்பவர். தனக்கு மட்டும் தெரிந்த வித்தையை வெளியே விட்டால் அடுத்த போட்டியில் யாராவது வந்து நாற்காலியைப் பிடித்துக்கொள்வார்கள். மனிதர் வாயை இறுக்க மூடிக்கொண்டு 1634இலிருந்து சாகும்வரை அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருடைய முக்கியமான எழுத்துகள் அச்சுக்கு வந்தது 1693இல், செத்து 18 வருடம் கழித்து. அதற்குள் ஊரே அந்த வித்தைகளைத் தாண்டிப் போய்விட்டது.

இத்தாலியில் கவலியேரி வேறு மாதிரி ஆள். 1635இல் புத்தகமே போட்டுவிட்டார், ஆனால் அதைப் படித்து முடித்தவர்கள் குறைவு என்று கேள்வி. அவருடைய யோசனை ஒரு சொற்றொடரில் அடங்கும்: "எல்லாக் கோடுகளும்". ஒரு உருவத்தின் பரப்பைப் பற்றிப் பேச வேண்டுமானால் அதன் குறுக்கே போகும் எல்லாக் கோடுகளையும் எடுத்துக்கொள், இன்னொரு உருவத்தின் எல்லாக் கோடுகளோடும் ஒப்பிடு. கோட்டுக்கு அகலம் கிடையாதே, எத்தனை கோட்டை அடுக்கினாலும் பரப்பு எப்படி வரும் என்று கேட்டவர்களுக்கு அவரால் திருப்தியான பதில் சொல்ல முடியவில்லை. ஆனால் "எல்லாம்" என்ற அந்தச் சொல் லத்தீனில் "ஓம்னெஸ்", சுருக்கமாக "ஓம்ன்." என்று ஆகி, கடைசியில் பாரிஸில் ஒரு வாடகை அறையில் இருந்த ஜெர்மன்காரரின் தாளுக்கு வந்து சேர்ந்தது. அது முக்கியம்.

அந்த ஜெர்மன்காரர் லைப்னிட்ஸ். 1672இல் அரசியல் வேலையாகப் பாரிஸ் வந்தவர், அப்போது அவருக்குக் கணிதம் அதிகம் தெரியாது. பின்னாளில் அதை அவரே வெட்கப்படாமல் ஒப்புக்கொண்டார். அங்கே இருந்த டச்சு அறிஞர் ஹைகன்ஸைப் போய்ப் பார்த்தார். ஹைகன்ஸ் ஒரு கணக்குக் கொடுத்தார்: முக்கோண எண்களின் தலைகீழிகளைக் கூட்டு. அதாவது 1, அப்புறம் 1/3, 1/6, 1/10, 1/15 என்று முடிவில்லாமல் போய்க்கொண்டே இருக்கும் தொடரின் மொத்தம் என்ன?

லைப்னிட்ஸ் பார்த்தது இதைத்தான். 1 என்பது, 1இலிருந்து 1/2ஐக் கழித்ததன் இரு மடங்கு. 1/3 என்பது, 1/2இலிருந்து 1/3ஐக் கழித்ததன் இரு மடங்கு. 1/6 என்பது, 1/3இலிருந்து 1/4ஐக் கழித்ததன் இரு மடங்கு. எல்லாவற்றையும் வரிசையாகக் கூட்டினால் நடுவில் இருப்பதெல்லாம் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு போய்விடும், மிஞ்சுவது முதல் 1 மட்டும், அதன் இரு மடங்கு 2. அவ்வளவுதான். பள்ளிக் கணக்கு அளவுக்குச் சின்ன விஷயம். ஆனால் வேறுபாடுகளைக் கூட்டினால் ஆரம்பமும் முடிவும் மட்டும் மிஞ்சும் என்ற இந்தச் சின்ன விஷயத்தை லைப்னிட்ஸ் விடவேயில்லை. கூட்டலும் வேறுபாடு எடுப்பதும் ஒன்றுக்கொன்று தலைகீழ் என்பதை இந்த எண் விளையாட்டிலிருந்து தூக்கி, அப்படியே வளைவரைகள் மேல் வைத்துவிட்டார். நுண்கணிதத்தின் அடிப்படைத் தேற்றம் என்று நாம் தடித்த எழுத்தில் படிப்பது இதன் வளர்ந்த வடிவம்தான்.

இடையில் வட்டத்தின் பரப்பையும் பிடித்தார். 1 கழித்தல் 1/3 கூட்டல் 1/5 கழித்தல் 1/7 என்று போகும் தொடர், பை (π) என்ற எண்ணில் நாலில் ஒரு பங்குக்குச் சமம் என்று கண்டுபிடித்து ஹைகன்ஸிடம் பாராட்டு வாங்கினார். (இதே தொடர் கேரளத்தில் மாதவர் வழிவந்தவர்களிடம் முன்பே இருந்தது. ஜ்யேஷ்டதேவர் 1530 வாக்கில் மலையாள உரைநடையில் விளக்கமாகவே எழுதிவைத்திருக்கிறார். பாரிஸில் இருந்தவர்களுக்கு அது தெரிந்திருந்ததற்கு ஆதாரம் இல்லை. அதைப் பற்றித் தனியாக ஒரு பதிவு எழுத வேண்டும், இங்கே ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன்.)

இப்போது அந்த மூன்று வாரங்கள். 1675 அக்டோபர் 25, 26, 29, நவம்பர் 1, 11. லைப்னிட்ஸ் தாளில் தேதி போடும் பழக்கம் உள்ளவர் என்பதற்காக ஒரு கும்பிடு போடலாம். அக்டோபர் 27ஆம் தேதி அதே பாரிஸில் ரோபெர்வால் செத்துப் போகிறார், வாயைத் திறக்காமல். இரண்டு நாள் கழித்து, 29ஆம் தேதி, லைப்னிட்ஸ் தன் தாளில் எழுதிக்கொண்டிருக்கிறார். அந்தப் பக்கம் முழுக்க "ஓம்ன். ஓம்ன்." என்று நிரம்பி வழிகிறது. அடுத்தடுத்த இரண்டு ஒய்களுக்கு இடையிலான வேறுபாட்டை அவர் எல் என்ற எழுத்தால் குறிக்கிறார், அவற்றையெல்லாம் கூட்டினால் திரும்ப ஒய். அப்புறம் ஒரு சமன்பாடு வருகிறது. தமிழில் எழுதிப் பார்த்தேன்: எல்லா எக்ஸ்-எல்லும் என்பது, எல்லா எல்லையும் எக்ஸால் பெருக்கி அதிலிருந்து எல்லா எல்லா எல்லையும் கழித்தது. நாக்கு சுளுக்கிக்கொள்ளும். லத்தீனில் எழுதிய அவருக்கும் கை சுளுக்கியிருக்க வேண்டும். ஏனென்றால் அதற்குக் கொஞ்சம் கீழே, போகிற போக்கில் ஒரு வரி: ஓம்ன். என்பதற்குப் பதிலாக ∫ என்று எழுதினால் வசதியாக இருக்கும்.

வசதியாக இருக்கும், அவ்வளவுதான் சொன்னது. "சும்மா" என்ற லத்தீன் சொல்லுக்குக் கூட்டுத்தொகை என்று பொருள் (நம்ம ஊர் சும்மா இல்லை, ஆனால் அவர் அதைச் சும்மாதான் எழுதியது போல இருக்கிறது). அதன் முதல் எழுத்து எஸ். அந்தக் காலத்தில் கையெழுத்தில் எஸ்ஸை நீட்டி, மேலே ஒரு கொக்கி, கீழே ஒரு கொக்கி வைத்து எழுதுவார்கள். அதுதான் ∫. உடனே அதே தாளில் அந்த நாக்கு சுளுக்கிச் சமன்பாட்டை ∫ போட்டுத் திரும்ப எழுதுகிறார். பார்த்தால் இன்று நாம் பகுதித் தொகையிடல் என்று படிக்கும் விதியின் ஒரு வடிவம்! குறி பிறந்த அன்றே அது வேலைக்கும் போய்விட்டது. எக்ஸைக் கூட்டினால் எக்ஸ் வர்க்கத்தில் பாதி, எக்ஸ் வர்க்கத்தைக் கூட்டினால் எக்ஸ் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு என்பதையும் அங்கேயே எழுதிவிட்டு, இது புதுவகைக் கணக்கு முறையைக் கொண்டுவரும், போதுமான அளவு புதுசு, சிறப்பானதும்கூட என்று தனக்குத்தானே ஒரு சான்றிதழும் கொடுத்துக்கொள்கிறார்.

அதே தாளில்தான் டி (d) என்ற எழுத்தும் வருகிறது. ஆனால் நமக்குத் தெரிந்த இடத்தில் இல்லை, பின்னத்தின் அடியில்! கூட்டல் ஒரு பரிமாணத்தை ஏற்றுகிறது, கோடுகளிலிருந்து பரப்பு வருகிறது. அப்படியானால் வேறுபாடு எடுப்பது ஒரு பரிமாணத்தை இறக்க வேண்டும், இறக்குவது என்றால் வகுத்தல், அதனால் டி கீழே இருக்கட்டும் என்பது அவருடைய தர்க்கம். தப்பான இடம்தான், ஆனால் எவ்வளவு நியாயமான தப்பு. இரண்டு வாரம் கழித்து நவம்பர் 11ஆம் தேதித் தாளில் டியை மேலே தூக்கி எக்ஸுக்குப் பக்கத்தில் வைத்து டிஎக்ஸ் என்று எழுத ஆரம்பிக்கிறார். அந்தத் தாளில்தான் நம்ம சிவப்புக் கோட்டுச் சமாச்சாரம்.

இது ஏன் தப்பு என்று ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம், இது என் உதாரணம், அவருடையது இல்லை. எக்ஸ் 10இலிருந்து 11க்குப் போகிறது, ஒய் 20இலிருந்து 21க்குப் போகிறது. இரண்டின் வேறுபாடும் 1, பெருக்கினால் 1. ஆனால் பெருக்கல் தொகை 200இலிருந்து 231க்குப் போகிறது, வேறுபாடு 31. ஒன்று எங்கே, முப்பத்தொன்று எங்கே! அந்த 31 எங்கிருந்து வந்தது என்றால், ஒய்யின் 20ஐ எக்ஸின் 1ஆல் பெருக்கினால் 20, எக்ஸின் 10ஐ ஒய்யின் 1ஆல் பெருக்கினால் 10, ஆக 30. மிச்சம் இருக்கும் அந்த ஒரே 1தான் நானும் லைப்னிட்ஸும் விடை என்று நினைத்தது. வேறுபாடுகளைச் சின்னதாக்கிக்கொண்டே போனால் அந்த மிச்சம்தான் முதலில் காணாமல் போகும். அதாவது தூக்கிப் போட வேண்டியதை வைத்துக்கொண்டு, வைத்துக்கொள்ள வேண்டியதைத் தூக்கிப் போட்டிருக்கிறோம்.

லைப்னிட்ஸுக்கு அதே தாளில் கீழே போகப் போக உதைக்கிறது. வேறொரு கணக்குப் போடும்போது முரண்பாடு வருகிறது. மேலே நான் சொன்னது தப்பு, நிரூபித்துவிட்டதாகவே தோன்றியது, இது கஷ்டமான இடம் என்று எழுதுகிறார். மேலே எழுதியதை அடித்துவிட்டு நல்ல பிள்ளையாக வேறு தாள் எடுக்கவில்லை. தப்பும் அங்கேயே இருக்கிறது, தப்பென்று உணர்ந்ததும் அங்கேயே இருக்கிறது. பத்து நாள் கழித்து நவம்பர் 21ஆம் தேதித் தாளில் சரியான பெருக்கல் விதி வந்துவிடுகிறது. என் சிவப்புக் கோட்டுக்கும் நான் விதியைப் புரிந்துகொண்டதற்கும் நடுவே பத்து நாளைவிட அதிகம் ஆனது என்பதையும் இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

இந்தத் தாள்கள் தப்பிப் பிழைத்த கதையும் ஒரு மாதிரியானது. லைப்னிட்ஸ் எதையும் தூக்கிப் போடாதவர், ஆனால் ஒழுங்காக அடுக்குபவரும் இல்லை. ஒன்றைச் செய்துவிட்டுச் சில மாதத்தில் மறந்துவிடுவேன், அந்தத் தாள் குப்பைக்குள் தேடுவதைவிடத் திரும்ப முதலிலிருந்து செய்துவிடுவது சுலபம் என்கிற ரீதியில் அவரே எழுதியிருக்கிறார். 1716இல் அவர் இறந்ததும் ஹானோவர் அரசு எல்லாத் தாள்களையும் கைப்பற்றிப் பூட்டி வைத்தது. கணிதத்தின் மீது இருந்த பாசத்தால் இல்லை. அரசாங்க ரகசியம் ஏதாவது அதற்குள் இருந்து தொலைத்தால் என்ன செய்வது என்ற பயம். அந்தப் பயத்தின் புண்ணியத்தில் சுமார் 2,00,000 பக்கங்கள் இன்றும் ஹானோவர் நூலகத்தில் இருக்கின்றன, அவற்றில் கடிதங்கள் மட்டும் சுமார் 15,000. நுண்கணிதத் தாள்களை கெர்ஹார்ட் என்ற ஜெர்மன் ஆசிரியர் 19ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் தேடி எடுத்து அச்சிட்டார்.

ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நான் லைப்னிட்ஸ் கட்சிக்காரன் என்று நினைப்பீர்கள். அந்த நவம்பர் 11ஆம் தேதித் தாளில் ஆண்டின் கடைசி எண் 5, 3 ஆகத் திருத்தப்பட்டிருப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். 1675ஐ 1673 ஆக்கினால் யாருக்கு லாபம் என்று யோசிக்கப் பெரிய துப்பறிவாளர் தேவையில்லை.

அதற்கான காரணம் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தது. நியூட்டன் இதையெல்லாம் பத்து வருடம் முன்பே வேறு வழியில் செய்து முடித்து, பெட்டியில் போட்டுப் பூட்டியிருந்தார். அவருடைய முக்கியமான குறிப்பேட்டுக்கு அவர் வைத்த பெயர் "கழிவுப் புத்தகம்". அது அவருடைய மாற்றாந்தந்தை பார்னபாஸ் ஸ்மித் என்ற பாதிரியாருடையது. இறையியல் தலைப்புகளை எழுதிவிட்டு, பெரும்பாலும் காலியாக விட்டுப்போன தடித்த நோட்டு. காகிதம் விலை கூடுதலாக இருந்த காலம், வீணாக்குவானேன் என்று நியூட்டன் அதில் வளைவரைகளையும் தொடர்களையும் நிரப்பினார். 1665இல் பிளேக் வந்து கேம்பிரிட்ஜை விட்டுப் போக வேண்டி வந்தபோது, அதிபரவளையத்தின் பரப்பை, அதாவது மடக்கையை, 52 இலக்கம் வரை கையால் கணக்கிட்டிருக்கிறார். எதற்கு என்று கேட்காதீர்கள். பின்னாளில் எழுதிய ஒரு கடிதத்தில், அப்போது வேறு வேலை இல்லாததால் எத்தனை இலக்கம் வரை போனேன் என்று சொல்லவே வெட்கமாக இருக்கிறது என்கிறார். நியூட்டன் எழுதியதிலேயே எனக்கு மிகவும் பிடித்த வரி இதுதான். ஒரு முறையின் மேல் காதல் வந்தவன் அப்படித்தான் செய்வான்.

அந்த வரி வருவது 1676 அக்டோபர் 24ஆம் தேதிக் கடிதத்தில். லண்டன் ராயல் சொசைட்டியின் செயலர் ஓல்டன்பர்க் வழியாக லைப்னிட்ஸுக்குப் போக வேண்டிய இரண்டாவது கடிதம் அது. முதல் கடிதம் அதே வருடம் ஜூனில் போனது. (தேதிகளைப் பார்க்கும்போது ஒரு எச்சரிக்கை: இங்கிலாந்தின் காலண்டர் அப்போது ஐரோப்பாவுக்குப் பத்து நாள் பின்னால் இருந்தது. யார் எந்தக் கடிதத்தை எப்போது பார்த்தார்கள் என்று கணக்குப் போட உட்கார்ந்தால் தலைவலி நிச்சயம்.) இந்தக் கடிதங்களை வாசிப்பது ஒரு தனி அனுபவம். ஈருறுப்புத் தேற்றத்தைப் பின்ன அடுக்குகளுக்கு எப்படி நீட்டினேன், வாலிஸின் அட்டவணைகளைப் பார்த்து நடுவில் விட்டுப்போன இடங்களை எப்படி ஊகித்தேன் என்று ஒரு ஆசிரியரைப் போல விலாவாரியாகச் சொல்கிறார். கை நிறைய அள்ளிக் கொடுக்கிறார். ஆனால் தொடுகோடும் பரப்பும் சேரும் முக்கியமான இடம் வந்ததும் சட்டென்று கதவைச் சாத்திவிட்டு, எழுத்துகளை எண்ணி ஒரு புதிராகப் போட்டுவிடுகிறார்: ஆறு ஏ, இரண்டு சி, ஒரு டி, பதின்மூன்று இ என்று. லத்தீனில் அதை விடுவித்தால், பாயும் அளவுகள் எத்தனை வேண்டுமானாலும் கொண்ட ஒரு சமன்பாட்டிலிருந்து அவற்றின் பாய்வு வேகங்களைக் காண்பதும், அதன் தலைகீழும் என்று வரும். அதாவது வகையிடலும் தொகையிடலும்.

இதை நான் ஒரு மழை நாளில் காகிதம் எடுத்து எண்ணிப் பார்த்தேன். இ பதின்மூன்று, சரி. என் ஒன்பது, சரி. யுவும் வியும் சேர்த்துப் பன்னிரண்டு, சரி. டி என்ற எழுத்தில் இரண்டு உண்டல்லவா, அதில் இன்னொரு டி (t), அதைப் பரவலாக அச்சிடப்படும் வடிவத்தில் எட்டு என்று போட்டிருக்கிறது. நான் எண்ணினால் ஒன்பது. மூன்று முறை எண்ணினேன், ஒன்பதுதான். பூட்டுப் போட்டவரே சாவியைக் கொஞ்சம் கோணலாக அறுத்துவிட்டார் போல. எப்படியும் அந்தப் புதிரை விடுவித்தால்கூட லைப்னிட்ஸுக்கு ஒரு முறையும் கிடைத்திருக்காது, தெரியும் என்ற தகவல்தான் கிடைத்திருக்கும். தேவைப்படும் நாளில் எடுத்துக்காட்ட ஒரு ரசீது, வேறொன்றுமில்லை.

அந்தக் கடிதம் எழுதப்படுவதற்குச் சில நாள் முன்புதான் லைப்னிட்ஸே லண்டனில் இருந்தார் என்பது இதில் பெரிய வேடிக்கை. கொலின்ஸ் என்பவர் தன்னிடம் இருந்த நியூட்டனின் 1669ஆம் வருடத்துக் கையெழுத்துப் படியைக் காட்ட, லைப்னிட்ஸ் குறிப்பெடுத்துக்கொண்டு போனார். அந்தக் குறிப்புகள் இன்றும் இருக்கின்றன. அவர் எடுத்தது முடிவிலித் தொடர்கள் பற்றி மட்டும்தான். பரப்பு காணும் விதியைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை, அது அவரிடம் ஏற்கெனவே இருந்தது. நியூட்டனின் கடிதம் அவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது அடுத்த வருடக் கோடையில், ஹானோவரில். லைப்னிட்ஸ் உடனே உட்கார்ந்து, டிஎக்ஸ், டிஒய் எல்லாவற்றையும் ஒளிக்காமல் எழுதிப் பதில் அனுப்பினார். 1677 செப்டம்பரில் ஓல்டன்பர்க் இறந்துபோக, அந்தப் போக்குவரத்து அதோடு நின்றது.

நுண்கணிதத்தை முதலில் கண்டுபிடித்தது யார், லைப்னிட்ஸ் திருடினாரா என்று பிறகு வந்த சண்டை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம், அதனால் சுருக்கமாக. 1712இல் ராயல் சொசைட்டி ஒரு குழு போட்டது. சொசைட்டியின் தலைவர் நியூட்டன். அறிக்கையை எழுதியதும் பெரும்பாலும் நியூட்டன். பிறகு அந்த அறிக்கைக்குப் பெயர் போடாமல் மதிப்புரை எழுதியதும் நியூட்டன். லைப்னிட்ஸிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. குழு முழுக்க முழுக்க நம்பியது கடிதங்களைத்தான், யார் யாருக்கு எப்போது எழுதினார் என்பதைத்தான். லைப்னிட்ஸுக்குச் சாட்சி சொல்லக்கூடிய 1675ஆம் வருடத் தாள்கள் அவர் வீட்டுக் குவியலுக்குள் எங்கேயோ கிடந்தன.

அச்சு பக்கம் வந்தால் இன்னும் வேடிக்கை. 1684இல் லைப்னிட்ஸ் முதல் கட்டுரையை வெளியிட்டபோது அதில் ∫ இல்லவே இல்லை, வகையிடல் மட்டும்தான். ∫ அச்சில் ஏறியது 1686இல், கையால் கிறுக்கி 11 வருடம் கழித்து. "இண்டெக்ரல்" என்ற சொல் அவருடையதே இல்லை. அது முதன்முதலில் அச்சில் வந்தது 1690இல், யாக்கோப் பெர்னூலி என்ற சுவிஸ் கணிதரின் கட்டுரையில். அவருடைய தம்பி யோஹான், அந்தச் சொல்லை நான்தான் யோசித்தேன் என்று சண்டைக்கு வந்தார் (அண்ணன் தம்பி இருவரும் எதற்கும் சண்டை போடுவார்கள்). லைப்னிட்ஸுக்குக் கூட்டல் கணக்கு என்ற பொருள் வரும் பெயர்தான் பிடிக்கும். யோஹானுக்கு ஐ என்ற எழுத்துதான் குறியாக வேண்டும். கடிதத்தில் பேரம் நடந்தது. கடைசியில் பெயர் யோஹானுடையது, குறி லைப்னிட்ஸுடையது என்று 1696 வாக்கில் உடன்பாடு. உலகம் முழுக்க இன்றைக்கும் அந்த ஒப்பந்தம்தான் அமலில் இருக்கிறது.

எல்லாக் கடிதங்களிலும் என்னால் மறக்க முடியாத ஒன்று 1694 மார்ச் 17ஆம் தேதியது. எழுதியவர் லோபிதால், பணக்காரப் பிரபு, கணிதம் ஓரளவு நன்றாகவே வரும். பெற்றவர் யோஹான் பெர்னூலி, வயது 26, நிரந்தர வேலை இல்லை, அந்த மாதம்தான் கல்யாணம் ஆகியிருந்தது. 1691-92இல் லோபிதாலுக்கு நேரில் பாடம் எடுத்திருந்தார், பாடக் குறிப்புகளையும் விட்டுவிட்டு வந்திருந்தார். கடிதம் இப்படிப் போகிறது: வருடத்துக்கு 300 லிவர் (அன்றைய பிரெஞ்சுப் பணம்) தருகிறேன், என் வரவு செலவு சரியானதும் கூட்டித் தருகிறேன், உன் நேரம் முழுவதையும் கேட்கவில்லை, நான் கேட்கும்போது சில மணி நேரம் வேலை பார்த்தால் போதும். உன் கண்டுபிடிப்புகளை எனக்குச் சொல், வேறு யாருக்கும் சொல்லாதே. நீ விட்டுப்போன குறிப்புகளின் நகலை நம் கணித நண்பர் வாரிஞோனுக்குக்கூட அனுப்பாதே. ரொம்ப மரியாதையான நடைதான், ஆனால் படித்து முடித்ததும் வாயில் ஒரு கசப்பு. யோஹான் ஒப்புக்கொண்டார். நான் அவர் இடத்தில் இருந்தாலும் ஒப்புக்கொண்டிருப்பேன். அதே வருடம் ஜூலையில் அவர் எழுதியனுப்பிய ஒன்றுதான் 0/0 வரும் இடத்தில் என்ன செய்வது என்பது. இன்றைக்கும் அது லோபிதால் விதி என்ற பெயரில்தான் ஓடுகிறது.

1696இல் லோபிதாலின் புத்தகம் வந்தது, வகை நுண்கணிதம் மட்டும். தொகை நுண்கணிதத்தை விட்டுவிட்டதற்கு முன்னுரையில் காரணம் சொல்லியிருக்கிறார்: லைப்னிட்ஸ் அதைப் பற்றிப் பெரிய நூல் எழுதிக்கொண்டிருக்கிறாராம். லைப்னிட்ஸ் அதை எழுதி முடிக்கவேயில்லை. யோஹானின் தொகை நுண்கணிதப் பாடக் குறிப்புகளோ அச்சுக்கு வந்தது 1742இல்! பாடம் எடுத்து ஐம்பது வருடம். அந்த ஆரம்ப வருடங்களில் தொகையிடல் கற்றுக்கொள்ள விரும்பியவன் யாரிடமாவது குறிப்பு வாங்கி நகலெடுக்க வேண்டும், இல்லாவிட்டால் இதழ்க் கட்டுரைகளைத் தேடிப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் பெர்னூலிகளின் ஊரான பாசெலுக்குக் கடிதம் போட வேண்டும்.

லோபிதால் 1704இல் இறந்த பிறகு, புத்தகத்தில் இருப்பதில் பெரும்பகுதி என்னுடையது என்று யோஹான் சொல்ல ஆரம்பித்தார். யாரும் பெரிதாக நம்பவில்லை. எதற்கெடுத்தாலும் சண்டைக்குப் போகும் ஆள், பாதிப்பேர் அவரிடம் அடிபட்டவர்கள். ஆனால் 300 லிவர் கடிதத்தை அவர் கிழித்துப் போடாமல் வைத்திருந்தார். 1955இல் பாசெலில் அவருடைய கடிதங்களின் முதல் தொகுதியை அச்சிட்டபோது அது வெளியே வந்தது.